பரிணாமமும் பரிபாகமும்

மக்களினம் இனி எவ்வாறு திரிந்து வளரவேண்டும் என்பதனை மக்களே அறிந்து தேர்ந்து செலுத்திக்கொள்ளல் கூடுமோ என்னும் வினா, இற்றைநாளில் அறிவியலார் அவைக்களத்தில் மட்டுமன்றி, நம் மடங்களிற் சாத்திரம் கேட்க வரும் இளைஞரிடத்தும் பயில்கின்றது. புழுவும் மீனும் விலங்கும் தம்மையறியாமலே திரிந்து மனிதவுடம்பு வரை வந்தன. மனிதனிடத்தே அறிவு விளங்கிற்று. ஆகலின் இனி வரும் திரிபு அவ்வறிவின் வழியே நடத்தற்பாலது என்பது அவர் கேட்டு வரும் கொள்கை. செவிக்கு இனிதாயிருத்தலின் இது சித்தாந்தத்தோடு முரணாதென்று சிலரும், புறநாட்டுக் கொள்கையாதலின் முழுதும் முரணுமென்று சிலரும் கூறிவிடுகின்றனர். இருசாராரும் ஆராய்ந்து கூறினாரல்லர். கொள்ளத்தக்க பகுதி இன்னது, கொள்ளத்தகாத பகுதி இன்னது எனப் பிரித்துக் காட்டுதலே ஈண்டு எம் கருத்து.

இக்கொள்கை ஒருநாளிற் பிறந்ததன்று. 1859ஆம் ஆண்டில் உயிர்வகைகளின் தோற்றத்தைப் பற்றி நூல் வெளியிட்ட டார்வின் கூறிய திரிபு எவராலும் செலுத்தப்படுவதன்று. சிறு வேறுபாடுகளோடு பிறக்கும் உயிர்களுள், சூழலுக்கு இசைந்தவை மிகுதியாய் வழித்தோன்றல்களை விட்டுச் செல்லுதலால் இனம் மெல்லத் திரியும் என்பதே அவர் துணிபு. அவருடைய உறவினராகிய கால்ட்டன் என்பார், ஆடுமாடுகளைப் பொறுக்கி வளர்ப்பதுபோல மக்களையும் பொறுக்கி வளர்க்கலாமென்று கருதி, அம்முயற்சிக்கு 1883இல் ஒரு பெயரும் படைத்தார். அப்பெயரைக் கொண்டு நடந்தவற்றை உலகம் மறவாது. ஜெர்மனி நாட்டில் 1933இல் ஒரு சட்டம் செய்து, தகுதியற்றவரென்று தாம் முடிவு செய்த ஏறத்தாழ 4 இலட்சம் மக்களைப் பிள்ளைப்பேறு இல்லாதவராக்கினர். அப்போர்க்காலக் கொடுமைகளுக்குப் பின்னும் கொள்கை அவியவில்லை. ஜூலியன் ஹக்ஸ்லி என்னும் ஆங்கில அறிஞர் 1957இல், மனிதன் தன்னைத்தான் கடந்து செல்லவேண்டுமென்று மீட்டும் எழுதினார். 2012இல் டவுட்னா, சார்ப்பென்டியே என்னும் இரு பெண்மணிகள், மரபுக்கூற்றை வேண்டிய இடத்தில் அறுத்துத் திருத்தும் நுண்கருவியைக் காட்டினர். அதன்பொருட்டு 2020இல் நோபெல் பரிசும் பெற்றனர். இடையே 2018இல் சீனநாட்டு ஹெ ஜியன்குயி என்பவர் அக்கருவியால் கருவிலேயே திருத்தப்பட்ட இரட்டைப் பெண்மகவுகள் பிறந்தனவென்று அறிவித்தார். மறு ஆண்டு அந்நாட்டு நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டுச் சிறை விதித்தது. ஆதலின் இவ்வினா வெறும் கற்பனையன்று.

முதற்கண் சொல்லை ஆராய்வாம். பரிணாமம் என்பது நம் சாத்திரங்களுக்குப் புதிய சொல்லன்று. காரணம் காரியமாய்த் திரிதலே பரிணாமம். பால் முழுதும் தயிராதல் ஒருவகை. அவ்வாறாயிற் காரணம் கெட்டொழியும். நெய்யின் ஒருபுடையிற் புழுத் தோன்றுதல்போல ஒரு கூறு மட்டும் திரிதல் மற்றொருவகை. இதனை ஏகதேச பரிணாமம் என்ப. அசுத்தமாயை இவ்வாறு ஏகதேசத்தாற் பரிணமித்துத் தனு கரண புவன போகங்களாய் விரியும் என்பது சித்தாந்தம். எனவே திரிதல் சடத்தின் இயல்பு. உயிர் சித்தாகலின் அதற்குத் திரிபு இன்று; மறைப்பு நீங்கிய அளவிற்கு விளக்கம் உண்டு. இவ்வொன்றை மனத்திற் கொண்டால் பாதி மயக்கம் தீரும். டார்வினார் கூறும் பரிணாமம் உடம்பின் வழி; தந்தை தாயரிடமிருந்து பிள்ளைகளுக்குச் செல்வது. நாம் கூறும் பிறவித்தொடர் உயிரின் வழி. ஓர் உடம்பை விட்டு மற்றோர் உடம்பைப் பற்றுவது. தறியிலே பாவுநூல் நெடுகச் செல்ல, ஊடுநூல் அதனைக் குறுக்கிட்டுச் செல்லுமாறுபோல, இவ்விரு வழியும் ஒவ்வொரு பிறப்பிலும் சந்திக்கின்றன. சந்திப்பதனால் இரண்டும் ஒன்றாகிவிடா.

இவ்வேறுபாடு காணாதார், திருவாதவூரடிகள் சிவபுராணத்திற் பிறவிகளை அடுக்கியருளிய இடத்தை எடுத்துக்காட்டி, டார்வினுக்கு முன்னரே அடிகள் பரிணாமம் பாடினாரென்று மேடைகளிற் பேசி மகிழ்கின்றனர். அவ்வடுக்கினை ஊன்றி நோக்கினாரல்லர். அதன்கட் பறவைக்குப் பின்னர்ப் பாம்பு நிற்கின்றது; பாம்பிற்குப் பின்னர்க் கல்; கல்லுக்கு அடுத்து மனிதர்; மனிதருக்கு அடுத்துப் பேய். இஃது ஏறுபடி என்று கொண்டால், கல்லிலிருந்து மனிதனும், மனிதனிலிருந்து பேயும் வளர்ந்தன என்று கொள்ளல் வேண்டும். அடிகள் கூறியது ஏற்றமன்று, உழற்சி. ஓர் உயிர் வினைக்கீடாக எவ்வெவ்வுடம்பிலும் புகுந்து இளைத்தமையே ஆண்டுப் பொருள். பழம்பெருமை பேசும் ஆசையாற் புறநூற்கொள்கையைத் திருமுறைக்கண் ஏற்றிக் கூறுதல், திருமுறைக்கும் நன்றன்று, அந்நூலுக்கும் நன்றன்று.

இனி, உடம்பின் வழியை மனிதன் செலுத்தல் கூடுமோவெனின், கூடும். பண்டே செலுத்தியும் வருகின்றான். இதற்குச் சான்று தேடித் தொலைநாடு செல்லவேண்டா. யாம் வாழும் தருமபுரி பண்டைத் தகடூர். இதனை ஆண்ட அதியமான் குடியின் முன்னோர் கரும்பினை இந்நிலவுலகிற்குக் கொண்டுவந்தனரென்று ஒளவையார் புறநானூற்றிற் கூறுகின்றார். கொண்டுவந்த அக்கரும்பும் காட்டிலே தானாய் விளைந்த வண்ணம் நின்றதன்று. இனிப்பும் சாறும் மிக்க கோலையே பொறுக்கிப் பொறுக்கி நட்ட கைகளால் ஆயது. பின்னர், 1912இல் கோயம்புத்தூரில் நிறுவிய கரும்பாராய்ச்சி நிலையத்தில், பார்பர் துரையும் திருவையர் வேங்கடராமனும் தோட்டக்கரும்பை நாணலினத்துக் காட்டுக்கரும்போடு கலந்து புதுவகை கண்டனர். 1918இல் வெளிப்பட்ட அதன் முதற்பயன் வடநாட்டு வயல்களையும் மாற்றிவிட்டது. எங்கள் பக்கத்துப் பையூரிற் பொறுக்கியெடுத்த கேழ்வரகையும் ஈண்டு உழவர் விதைக்கின்றனர். மாயாகாரியமாகிய உடம்பு, மனிதன் கைக்கு இசைந்து வளையும் என்பதனை மறுத்தற்கு இடமே இல்லை. மறுத்தல் சித்தாந்தத்திற்கும் வேண்டுவதன்று. காரியப்படுதல் மாயையின் இயல்பென்று கூறினோம் நாமே அன்றோ.

கரும்பிற்கு இயலுமாயின் மக்களுக்கும் இயலாதோ எனின், மக்களிடத்தும் அது நெடுங்காலமாய் நடந்து வருகின்றது. அறியாமல் நடந்தது என்பதொன்றே வேறுபாடு. இந்நாட்டிலே தாய்மாமன் தன் அக்காள் மகளை மணத்தல் பலகுடிகளில் வழக்கம். நிலம் பிரியாதிருத்தல், உறவு விட்டுப்போகாதிருத்தல் என்னும் இரண்டே அவர் கருதிய பயன். இருவரிடத்தும் வெளிப்படாது கிடந்த ஒரே குறை பிள்ளையினிடத்துக் கூடி நோயாய் வெளிப்படும் என்பதனை அவர் கருதினாரல்லர். காணியைக் காத்தற்கு முடிச்சிட்டவர் குருதியையும் உடன்முடிந்தனர்.

அறிந்தே செலுத்திய வரலாறும் உண்டு. அதனை எழுத எம் கை கூசுகின்றது; ஆயினும் இவ்வினாவிற்கு விடை கூறப்புகுந்தார் அதனை விடுத்துச் செல்லல் ஆகாது. தருமபுரி மாவட்டம் சேலத்தினின்றும் 1965இற் பிரிந்தது. இவ்விரு மாவட்டங்களின் சிற்றூர்களில், பிறந்த மகவு பெண்ணாயிற் கள்ளிப்பாலோ எருக்கம்பாலோ ஊட்டி முடித்துவிடும் கொடுமை முந்திய நூற்றாண்டின் இறுதியிலே நாடறிய வெளிப்பட்டது. அரசினர் 1992இற் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் கண்டனர். வேண்டாத பெண்மகவைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுச்செல்லலாம் என்பது அதன் ஏற்பாடு. 2001இல் அதனைத் தருமபுரிக்கும் விரித்தனர். அவ்வாண்டுக் குடிக்கணக்கில், ஆறாண்டிற்குட்பட்ட ஆண்குழந்தைகள் ஆயிரவருக்குப் பெண்குழந்தைகள் தமிழ்நாடெங்கும் 942 ஆயிருக்க, தருமபுரியில் 826 ஆக நின்றது. 2011இல் அத்தொகை 900ஐக் கடந்தமை ஆறுதலே. ஆயினும், கருவிலே பால் கண்டு சொல்லுதலைத் தடுக்க 1994இற் சட்டம் இயற்றிய பின்னும், 2022இல் இம்மாவட்டத்திலேயே கருவியை ஊர்விட்டு ஊர் கொண்டுசென்று கள்ளமாய்ப் பார்த்துக் கூறியவர் பிடிபட்டனர்.

இதனைக் கொலையென்று கூறி ஒழிந்தால் முழுதும் கூறினதாகாது. இது தேர்வு. எவ்வுயிர் இந்நிலத்துக்கு வரலாம், எவ்வுயிர் வரலாகாது என்று பெற்றோர் கூடி, செலவும் சீரும் கணக்கிட்டு, அறிந்து செய்த தேர்வு. மயக்கத்திலோ வெறியிலோ செய்ததன்று. மக்கள் தம் இனத்தின் போக்கை அறிவாற் செலுத்துதல் என்று எதனைப் புறநாட்டார் ஏற்றமாய்ப் பேசுகின்றனரோ, அதன் உண்மை வடிவம் ஓரளவிற்கு எங்கள் ஊர்களில் நடந்தே முடிந்தது. கருவி எளியதாயினும் கருத்து அதுவே. தேர்ந்தவர் தீயராயும் இருந்திலர். கோயிலுக்குச் செல்பவர், விருந்தோம்புபவர், முன்பிறந்த பிள்ளைகளை அன்போடு வளர்த்தவர். அவ்வாறாயின் அவர்தம் அறிவு எங்கே பிழைத்தது?

இவ்விடத்தே சித்தாந்தம் கூறுவது தெளிவானது. உயிரின் அறிவு, அறிவித்தால் அறியும் அறிவு. தானே நின்று அறிவதன்று. கண் ஒளியைச் சார்ந்து காணும், இருளைச் சார்ந்து மறையும். பளிங்கு அடுத்த பொருளின் நிறத்தைக் கொள்ளும். ஆணவத்தைச் சார்ந்து நிற்குங்கால் உயிர் ஆணவத்தின் வண்ணமாகவே நிற்கும். அந்நிலையில் தான் நன்றென்று தேர்வதும் அவ்வண்ணமே பூசப்பட்டிருக்கும். இதில் வருந்தத்தக்கது ஒன்றுண்டு. மறைக்கப்பட்ட அறிவு, தான் மறைக்கப்பட்டதாகத் தனக்குத் தோன்றாது. இருளாயின் தன்னைத் தானாயினும் காட்டும்; ஆணவமோ தன்னையும் காட்டாது என்று பெரியோர் கூறுவது இதுபற்றியே. வரதட்சிணைக்கு அஞ்சிய தகப்பனுக்குத் தன் கணக்குச் சரியாகவே தோன்றிற்று. ஜெர்மனியிற் சட்டம் செய்தாருக்கும் தம் அளவுகோல் சரியாகவே தோன்றிற்று. அறிந்து செலுத்தல் என்னும் தொடரிற் செலுத்தலைப் பற்றி ஐயமில்லை. அறிந்து என்பதே ஆராய்ச்சிக்குரியது. எதனைச் சார்ந்து நின்ற அறிவு அது?

நம்மவரும் இதற்குப் புறம்பானவரல்லர். பெரியபுராணத்திலே கோச்செங்கட்சோழ நாயனார் வரலாற்றை நோக்குக. கமலவதியார்க்குப் பேறுகாலம் அணுகியபொழுது, ஒரு நாழிகை கழித்துப் பிறக்குமாயின் மகவு மூவுலகும் ஆளுமென்று காலக்கணிதர் கூறினர். அவ்வம்மையார் தம் கால்களை மேலே பிணித்துத் தலைகீழாய்த் தூக்கச் செய்து அந்நாழிகையைக் கடத்தினார். மகவு காலந்தாழ்த்துப் பிறந்தமையாற் கண் சிவந்தது. அச்சிவந்த கண்ணையே பெயராக்கி அழைத்த தாய் அப்போதே உயிர்நீத்தார். பிறப்பை மனிதமுயற்சியாற் செலுத்திய நிகழ்ச்சி நம் புராணத்துள்ளேயே இவ்வளவு வெளிப்படையாக நிற்கின்றது. இற்றைநாளில் நாளும் கோளும் பார்த்து வயிற்றை அறுத்துப் பிள்ளையெடுக்குமாறு மருத்துவரை வேண்டுவார், இத்தாயின் கதையைத் தமக்கு ஆதாரமாகக் கொள்ளலும் கூடும். ஆயின் அம்மகவை நாயனாராக்கியது அந்நாழிகையோ? சேக்கிழார் பெருமான் அதனை ஐயத்திற்கிடமின்றி முன்னரே வைத்துவிட்டார். முற்பிறப்பில் அவர் திருவானைக்காவிலே ஒரு சிலந்தி. இறைவன் திருமேனிமேற் சருகு உதிராவண்ணம் வாயின் நூலாற் பந்தரிட்டது. யானை அழித்தது, சிலந்தி மீட்டும் இட்டது. அவ்வன்பே அரசராய் வந்து மாடக்கோயில்கள் எடுத்தது. சிலந்தியினின்று மனிதனுக்குச் செல்ல உடம்பின் வழியில் எத்தனை கோடி ஆண்டும் போதா. இரண்டும் ஒருவழியினவும் அல்ல. உயிரின் வழியில் அது ஒரே பிறப்பின் தூரம். தாய் காத்த நாழிகை மகனுக்குக் கொடுத்தது கண்ணின் நிறம் ஒன்றே.

ஈண்டு ஒரு தடை எழும். உடம்பு வினைக்கீடாக இறைவன் கூட்டுவது என்றாற் பிணியும் குறையும் அவ்வினையின் பயன். அவற்றை நீக்க முயலுதல் இறைவன் ஆணைக்கு மாறாகாதோ? பெண்மகவு இறந்ததும் அதன் வினை என்று வாளா இருத்தலே சித்தாந்தமோ? இவ்வாறு கூறுவார் மடாலயச் சூழலிலும் உளர். கேட்கும்போதெல்லாம் எமக்கு உடல் நடுங்கும். இதற்கு விடை யாம் கூறவேண்டா. திருஞானசம்பந்தப் பிள்ளையாரே கூறியருளினார். கொங்குநாட்டுத் திருக்கொடிமாடச்செங்குன்றூரிலே, இற்றைத் திருச்செங்கோட்டிலே, பிள்ளையார் எழுந்தருளியிருந்தபோது பனிக்காலத்துச் சுரநோய் அடியார்களைப் பற்றிற்று. இந்நாட்டின் இயல்பு இதுவென்று அவர் முறையிட்டனர். பிள்ளையார், நுகர்ந்து கழிக்க என்று சொல்லி இருந்தாரல்லர். திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டு, தீவினை எம்மைத் தீண்டப்பெறாதென்று பாடினார். வினையின்மேற் பழியிட்டுத் தீர்வு நாடாதிருப்பாரை அப்பதிகத்தின் தொடக்கமே கண்டிக்கின்றது. நோய் அடியார்களை மட்டும் விட்டதன்று; அந்நாடு முழுதையும் விட்டகன்றது என்பது வரலாறு. வினை மூவாயில்களால் வருமென்று சாத்திரம் கூறும்: தன்னுடம்பாலும், பிறவுயிர் முதலியவற்றாலும், தெய்வத்தாலும். வரும் வாயில் அதுவாயின், தீரும் வாயிலும் அதுவாதல் கூடும். மருந்தும் மருத்துவனும் அவ்வாயிலிலேயே நிற்கின்றனர். கொன்றவனுடைய வினையோ அவனுக்கு ஆகாமியமாய் ஏறும். இறந்த மகவின் வினையைச் சொல்லி அவன் தப்புதல் இல்லை.

ஆதலின் வந்த உயிரைப் பேணுதல் வேறு. வரும் உயிரைத் தேர்தல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக்கி மயங்குதலே இக்கொள்கையினரிடத்து யாம் காணும் பெருங்குறை. எங்கள் அரூரையடுத்த சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கிலே மலைவாழ் மக்களிடையே 1993இல் ரெஜி, லலிதா என்னும் மருத்துவ இணையர் வந்து ஒரு கீற்றுக்கொட்டகையில் மருத்துவம் தொடங்கினர். அந்நாளில் அங்கே பிறந்த ஆயிரம் மகவுகளுள் 147 ஓராண்டு நிறைவதற்கு முன்னரே இறந்தன. அவ்வூர்ப் பெண்டிரையே பயிற்றி, வீடுதோறும் சென்று பேணுவித்தமையால் அத்தொகை ஏறத்தாழ இருபதளவிற்கு இறங்கிற்று. எந்த மகவு தக்கது, எது தகாதது என்று அவர் கேட்டிலர். ஒரே மாவட்டத்தில், ஒரே காலத்தில், ஒருபுறம் தேர்வும் ஒருபுறம் பேணலும் நடந்தன. இனத்தை மேம்படுத்தியது எது என்று கேட்டால், அறிவியலார்க்கும் விடை எளிதாய் வரும்.

இவ்வேறுபாட்டைக் கொண்டே புதிய கருவிகளையும் அளக்கலாம். அரிவாள் போலக் குருதியணு வளையும் நோயினர்க்கு, அவர்தம் எலும்புமச்சையின் அணுவை எடுத்துத் திருத்தி அவருக்கே மீட்டும் செலுத்தும் சிகிச்சையைப் பிரிட்டனும் அமெரிக்காவும் 2023இல் ஏற்றன. இது வந்த உயிரைப் பேணுதல். ஒட்டுமாங்கிளையைக் கட்டுவதுபோல அம்மரத்தோடே நிற்பது, விதையிற் செல்லாதது. இதனைச் சைவர் விலக்க ஒரு காரணமும் இல்லை. மணத்திற்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பார், இரத்தச் சோதனையையும் பதினோராவதாகச் சேர்த்துக்கொள்ளுதல் நன்றே என்போம். சீனநாட்டார் செய்ததோ வேறு. தந்தையின் நோய் மகவைப் பற்றாமற் காக்க வேறு வழிகள் இருந்தும், கருவின் விதையையே அறுத்தார். அவ்வறுப்பு அம்மகவின் வழித்தோன்றல்களுக்கும் செல்லும். அவர்களிடம் எவர் கேட்டார்? மலமறைப்பினின்றும் நீங்காத அறிவு, தன் அளவுகோலைப் பிறவாத தலைமுறைகளின்மேல் மீளாவண்ணம் சுமத்துதல் தகாது என்பது எம் துணிபு. கருவி இன்னும் செம்மையுற்றால் இத்துணிபு மாறுமோவெனின், மாறாது. குறை கருவியினிடத்து அன்று.

அதியமானைக் கூறினோம். அவன் பெற்ற நெல்லிக்கனியையும் ஒருவாறு நினைத்தல் தகும். உண்டார்க்கு நெடுவாழ்வு தரும் கனி, அரிதின் எய்தியது. உடம்பின் எல்லையை நீட்டும் பொருளைக் கையிற் கொண்டு நின்றவன் அவன். தான் உண்ணாது, அதன் பெருமையையும் வாய்விடாது ஒளவையார்க்கு ஈந்தான். வாழ்நாளை நீட்ட முயல்வார் எத்துணையோ பொருள் செலவிடும் இக்காலத்தில், அக்கனி எவர் கைக்குச் செல்லும் என்பதனை அவர் இன்னும் சொல்லக் கேட்டிலேம்.

இனி, இக்கொள்கையின் மிகவுயர்ந்த வடிவம் ஒன்றுளது. 1910இற் புதுவைக்கு வந்து தங்கிய அரவிந்தர், 1914 முதல் 1921 வரை நடந்த ஆர்யா என்னும் இதழில், மனிதன் இடைநிலையினன் என்றும், மனத்தின் மேற்பட்ட பேரறிவு இறங்கி மனிதனுக்கு மேற்பட்ட பிறப்பு இந்நிலத்தே தோன்றுமென்றும் விரித்தெழுதினார். கருவியை நம்பாது அருளை வேண்டினமையால் இவர் முற்கூறியவரினும் நமக்கு அணியர். மேலிருந்து வரும் சத்தியின்றித் தன்முயற்சியால் ஆகாதென்ற அளவில் நாமும் உடன்படுவோம். உடன்படாதது ஓரிடம் உண்டு. ஆணவம் ஒன்றேயாயினும் அதன் சத்திகள் உயிர்தோறும் வெவ்வேறு. அதனாலன்றே ஒருவர் வீடுபெற மற்றவர் கட்டுற்றிருத்தல் அமைகின்றது. மலபரிபாகம் ஒவ்வோருயிருக்கும் அதனதன் காலத்தில் நிகழ்வது. இனமாகச் சேர்ந்து பழுப்பதன்று, விதைவழியாய்ப் பிள்ளைக்கு இறங்குவதும் அன்று. தந்தையார் சீவன்முத்தராயினும் மைந்தர் தம் வினையோடே வருவர். மனிதவுடம்பிற்கு மேம்பட்ட ஓருடம்பு தோன்றித்தான் வீடு எய்தவேண்டுமென்பதும் இல்லை, இவ்வுடம்பே சாலும். உவர்மண்ணை எத்துணை நுண்ணிதாய்ச் சலித்தாலும் துணி தானே வெளுத்துவிடாது. வண்ணான் கை வேண்டும். மாயையாகிய உடம்பு அவ்வுவர்மண். திருத்திய மூளையும் நீட்டிய வாழ்நாளும் நல்ல உவர்மண்ணாகலாம். இராவணனுக்குத் தலை பத்து, தோள் இருபது; அவ்வளவு கரணமும் கயிலையைப் பெயர்க்கவே பயன்பட்டன. விரலால் நசுங்கிய பின்னரே பாடினான்.

அங்ஙனமாயின் உயிர் செய்தற்கு ஒன்றுமே இல்லையோ? உண்டு. சிவஞானபோதத்து எட்டாஞ்சூத்திரம் காட்டும் அரசிளங்குமரனை நினைக்க. அவன் பிறப்பில் அரசன் மகன், வளர்ந்தது வேடரிடையே, தன்னை வேடனென்றே அறிந்தான். தந்தை வந்து நீ என் மகன் என்று உணர்த்த, வேடரை விட்டு நீங்கினான். அவன் குருதியில் ஒரு மாற்றமும் நேர்ந்திலது. திருத்தவேண்டிய விதையும் இல்லை. சார்பு ஒன்றே மாறிற்று. ஐம்புலன்களாகிய வேடரைச் சார்ந்ததுபோய்த் தன் முதலைச் சார்ந்தான். உயிரின் இச்சையும் ஞானமும் கிரியையும் தொழிற்படும் இடம் இதுவே. சரியை முதலிய நாற்பாதங்களும் இச்சார்பை மெல்ல மாற்றுதற்கு அமைந்தன. பழுக்கச் செய்வது திரோதான சத்தி. வெயிலைத் தாமரை வரவழைத்தல் இல்லை, வெயில்படும் நீர்நிலையில் நிற்றலே அதன் செயல். எனவே உயிர் தன் பரிபாகத்தையும் தானே செலுத்துகின்றது என்றல் பொருந்தாது. தனக்கு ஒன்றும் இல்லையென்றலும் பொருந்தாது.

பெண்மகவை நீக்கிய தந்தையும் இச்சார்பு மாறினால் மாறுவன். இவ்வூர்களிலே தொட்டிலில் விட்டுச்சென்ற மகவைச் சில நாளில் மீண்டும் வந்து தூக்கிச்சென்ற தாயர் உண்டு. அவரைச் சட்டமும் தடுத்திலது, மரபுக்கூறும் மாற்றிலது. அவ்விடைநாளில் அவருள்ளத்தே நிகழ்ந்தது எது, அதனை இருவினையொப்பின் ஒரு சிறுகூறென்று கொள்ளலாமோ, அன்றித் தாய்மையென்னும் மாயாகாரியத்தின் விளைவென்றே நிறுத்தல் வேண்டுமோ என்பது நுண்ணிய வினா. இருவினையொப்பின் இலக்கணத்தைச் சிவஞான முனிவர் உரைவழி நின்று முழுதும் ஆராய்ந்த பின்னரே அதற்கு விடை கூறல் இயலும். ஈண்டு விரிப்பிற் பெருகும். அடுத்த இதழில் அதனைத் தனியே எடுத்துக்கொள்வாம்.